கேள்வியை எடுத்துக்கொண்டு போன மகனுக்கு

மகனே,

'அன்புள்ள' என்று எழுதிவிட்டு அடித்துவிட்டேன். அன்பு எங்கேயும் போய்விடவில்லை, அது பாட்டுக்கு இருக்கிறது. ஆனால் இன்றைக்கு எனக்கு வந்திருப்பது கோபம். அதை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு நலம், நலமறிய ஆவல் என்று ஆரம்பித்தால் பாதிக் கடிதத்தில் எனக்கே என்னைப் பிடிக்காமல் போய்விடும். இன்னொன்று, இந்தக் கடிதத்தை மூடி ஒட்டி அனுப்பப் போவதில்லை. உன் வீடியோ ஊரெல்லாம் பார்க்கும்படி திறந்து கிடக்கிறது. எங்கள் டீச்சர்களின் வாட்ஸப் குழுவில் அதைப் போட்டு, 'மகனைச் சான்றோன் ஆக்கிய தாயே' என்று எனக்குப் பூங்கொத்துப் படம் அனுப்பியவர்கள் இருக்கிறார்கள். அதே குழுவில் இதையும் போடுகிறேன். அவர்களும் படிக்கட்டும், நீயும் படி.

போன ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் நம் கோயிலில் உன் கல்யாண அறிவிப்பின் முதல் ஓலை வாசித்தார்கள். சாமியார் உன் பெயரையும் அந்தக் கோயம்புத்தூர்ப் பெண்ணின் பெயரையும் படித்துவிட்டு, இவர்கள் திருமணத்துக்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் உடனே தெரிவிக்க வேண்டும் என்று சொல்லி நிமிர்ந்து பார்த்தார். எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். எனக்கு எழுந்து நிற்கலாமா என்று இருந்தது. உன் அப்பா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். இத்தனை வருடம் என்னோடு குடித்தனம் செய்தவருக்கு என் மூச்சு மாறினால் தெரியும். வெளியே வந்ததும், "கலியாணம் முடியட்டும், அப்பறம் பேசிக்கலாம்" என்றார். எஸ்டேட்டில் காப்பிப் பழத்துக்குத் தோல் நீக்கும் மிஷின் ஓட்டுகிற மனிதர். எதையும் காப்பிக் கொட்டை மாதிரி ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறவிட்டால் வழுவழுப்பு தானாகப் போய்விடும் என்பது அவர் நம்பிக்கை. எனக்கு அந்த நம்பிக்கை இல்லை.

உன் வருங்கால மனைவியும் இதைப் படிப்பாள். அவளுக்கு இங்கே நடந்தது எதுவும் தெரியாது. நீ சொல்லியிருக்க மாட்டாய். அதனால் முதலிலிருந்தே சொல்கிறேன்.

இந்த வருடம் ஒன்பதாம் வகுப்புக்கு ஆங்கில வாசிப்புக்கென்று ஒரு பாடம் எடுத்தேன். செடிகளைத் தேடி உலகத்தைச் சுற்றியவர்களின் கதை. எகிப்து ராணி ஒருத்தி சாம்பிராணி மரங்களை வேர்மண்ணோடு கூடையில் வைத்துக் கப்பலில் கொண்டுவரச் சொன்னாளாம், அங்கே தொடங்கும். பிறகு காய்ச்சலுக்கு மருந்தாகும் மரப்பட்டையைத் தேடித் தென் அமெரிக்க மலைகளில் ஏறியவர்கள், சீனத்துத் தேயிலைக் கன்றுகளைக் கண்ணாடிப் பெட்டிகளில் அடைத்துக் கடல் தாண்டிக் கொண்டுவந்தவர் என்று வரிசையாகப் போகும். நம் மலைக்குச் சோறு போடுகிற காப்பியும், அதற்கு நிழல் கொடுக்கிற சில்வர் ஓக்கும்கூட எங்கிருந்தோ வந்து இறங்கியவைதான் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்ல நல்ல பாடம் என்று நினைத்தேன். பழம் பறிக்கும் சீசன் தொடங்குவதற்கு முன்பே நடத்திவிட வேண்டும் என்றும் நினைத்தேன். சீசன் வந்துவிட்டால் பாதி வகுப்பு காப்பிக் காட்டில்தான் இருக்கும்.

நம் பள்ளிக்கூடங்களில் ஆங்கிலப் பாடம் நடக்கும் லட்சணம் உனக்குத் தெரியும். நீயும் அதில் படித்து வந்தவன்தான். பாடத்தை வாசித்து முடித்ததும் பிள்ளைகள் பென்சிலைக் கையில் எடுத்துக்கொள்வார்கள். 'மிஸ், முதல் கேள்விக்கு எங்கிருந்து எதுவரைக்கும்?' என்பார்கள். டீச்சர் வரியைச் சொல்வார். அவர்கள் அந்த வரிக்கு இரண்டு பக்கமும் அடைப்புக்குறி போட்டு, ஓரத்தில் ஒன்று என்று எழுதிக்கொள்வார்கள். அப்புறம் இரண்டு, மூன்று. அவ்வளவுதான், பாடம் முடிந்தது. அடைப்புக்குறிக்கு வெளியே கிடக்கிற வரிகளை அதற்குப் பிறகு யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. எனக்கு இது அலுத்துவிட்டது. இந்தப் பாடத்துக்குப் பென்சிலை உள்ளே வைக்கச் சொன்னேன். ஒவ்வொரு பத்தி முடிந்ததும், புத்தகம் கேட்காத ஒரு கேள்வியை நீங்கள் கேட்க வேண்டும், தப்பும் தவறுமாக இருந்தாலும் இங்கிலீஷில் கேட்க வேண்டும் என்றேன். முதல் நாள் அந்த வெள்ளைக்காரருக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா என்று ஒருவன் கேட்டான். கப்பலில் கக்கூஸ் எங்கே இருக்கும் என்று இன்னொருவன் கேட்டான். நானும் பதில் சொன்னேன். கேட்கிற வாய் பழகட்டும் என்று விட்டுவிட்டேன்.

அந்த வகுப்பில்தான் கோகிலா இருக்கிறாள். நாகலூருக்கு அப்பால் மலைக்காரர்களின் குடியிருப்பில் வீடு. அவள் அம்மா பழனியம்மாவை உனக்குத் தெரியும். உன் அப்பா வேலை பார்க்கும் எஸ்டேட்டில்தான் பழம் பறிக்கிறாள். வருடா வருடம் நமக்குப் பலாப்பழம் கொண்டுவந்து போடுகிறவள், நீ சுளையைக் கையில் எண்ணெய் தடவாமல் பிய்த்துவிட்டு அழுததைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தவள். அவள் மகள் ஆறாம் வகுப்பில் சேர்ந்ததிலிருந்து இங்கிலீஷ் பீரியடில் வாயைத் திறந்து நான் பார்த்ததில்லை. வாசிக்கச் சொன்னால் எழுந்து நிற்பாள், புத்தகத்தை முகத்துக்கு நேராகப் பிடிப்பாள், உதடு அசையும், சத்தம் வராது. திட்டிப் பார்த்தேன், கொஞ்சிப் பார்த்தேன், ஒன்றும் நடக்கவில்லை.

தேயிலைக் கன்றுகளைக் கொண்டுவந்தவரைப் பற்றிய பத்தியை நான் வாசித்தேன். ஆயிரக்கணக்கான கன்றுகளை அவர் கண்ணாடிப் பெட்டிகளில் வைத்து மலைகளைக் கடந்து சுமந்து வந்தார் என்று இருந்தது. யாராவது கேளுங்கள் என்றேன். கடைசி பெஞ்சில் கோகிலா எழுந்தாள். வழக்கம்போல உதடு மட்டும் அசையும் என்று நான் வேறு பக்கம் திரும்பிவிட்டேன். அப்போது, "ஹூ கேரீடு த பாக்ஸ், மிஸ்?" என்று ஒரு குரல் வந்தது. அது யார் குரல் என்று எனக்கே தெரியவில்லை. பெட்டியைத் தூக்கியது அவர்தானே, புத்தகத்தில் இருக்கிறதே என்று முன்பெஞ்சுக்காரன் சொன்னான். அவள் உட்காரவில்லை. "ஒத்த ஆளு அத்தன பொட்டிய எப்படீங்க மிஸ் தூக்குவாரு? எங்கம்மா ஒரு நேரத்துல ஒரு மூட்டதானுங்க தூக்குது" என்றாள். வகுப்பு சிரித்தது. அப்புறம் ஆளாளுக்குப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். அப்ப தூக்கியவங்க பேரு எங்கே, வழி காட்டினது யாரு, அந்தச் செடி அங்கே இருக்குதுன்னு இவருக்குச் சொன்னது யாரு என்று. மணி அடித்தும் யாரும் எழுந்திருக்கவில்லை. தலைமையாசிரியை என்ன கலவரமோ என்று வந்து எட்டிப் பார்த்தார். மறுநாளிலிருந்து கோகிலா சத்தமாக வாசித்தாள். தடுக்கித் தடுக்கித்தான், ஆனால் சத்தமாக. இத்தனை வருட வேலையில் எனக்கு அந்த மாதிரி ஒரு வாரம் வாய்த்ததில்லை.

அந்தச் சந்தோஷம் தாங்காமல்தான் உனக்குப் போன் செய்தேன். நீ பெங்களூரில் பிள்ளைகளுக்குப் பாட வீடியோ எடுக்கிற கம்பெனியில் இருக்கிறாய், உனக்கு இதன் அருமை தெரியும் என்று நினைத்தேன். தெரிந்துதான் இருந்தது. "அம்மா, இது செம கான்செப்ட்" என்றாய். இதையே பாடமாக எடுக்கலாம், உன் பள்ளிக்கூடத்திலேயே எடுக்கலாம் என்றாய். நான் ஒன்றே ஒன்று கேட்டேன். கேள்வியைக் கோகிலாதானே கேட்பாள் என்று. "அவளேதாம்மா, வேற யாரு" என்றாய். நினைவிருக்கிறதா? எனக்கு அந்த வார்த்தை அப்படியே இருக்கிறது. நான் தலைமையாசிரியையிடம் போய் நின்று அனுமதி வாங்கினேன். பழனியம்மா வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். அந்தப் பெண் ஒரு வாரம் அந்த ஒரு வரியைச் சொல்லிக்கொண்டே திரிந்தாள். பஸ்ஸில் சொன்னாளாம், ஆட்டுக்குத் தழை ஒடிக்கும்போது சொன்னாளாம். ஷூட்டிங் அன்றைக்குப் புது ரிப்பன் கட்டி, யூனிபார்மைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு வந்தாள்.

நான் அன்று பத்தாம் வகுப்புக்குத் தேர்வு மேற்பார்வையில் இருந்தேன். என் மகன்தானே எடுக்கிறான், நான் எதற்குப் பக்கத்தில் நிற்க வேண்டும் என்றும் இருந்தேன். நடந்ததை எல்லாம் பிறகுதான் துண்டு துண்டாகக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். முதலில் பெட்டி தூக்கும் காட்சியை எடுத்துவிடலாம், கேள்வியை மதியம் எடுக்கலாம் என்றாயாம். யூனிபார்மை மாற்றச் சொல்லி, அவர்கள் வீட்டுப் பெரியவர்கள் கட்டுகிற மாதிரி தோளில் முடிச்சுப் போட்டு ஒரு சேலையைச் சுற்றிவிட்டீர்களாம். செருப்பைக் கழற்றச் சொன்னீர்களாம். தலையில் பெட்டியை வைத்து எஸ்டேட் சரிவில் ஏறச் சொன்னீர்களாம். சென்னையிலிருந்து வந்த ஒரு நடிகர் தொப்பி போட்டுக்கொண்டு முன்னால் நடக்க, அவள் பின்னால் ஏறினாள். சரியாக வரவில்லை என்று திரும்பத் திரும்ப ஏறினாள். மதியத்துக்கு மேல் பனி இறங்கிவிட்டது. எதிரே நிற்கிற ஆள் தெரியவில்லை. கேள்வியை இன்னொரு நாள் வந்து எடுத்துக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டு நீங்கள் வண்டி ஏறிவிட்டீர்கள். என்னிடம் வந்து, "எல்லாம் நல்லா போச்சும்மா" என்றாய். நானும் உன் நெற்றியில் சிலுவை போட்டு அனுப்பி வைத்தேன்.

அந்தப் பெண் காத்திருந்தாள். ஒவ்வொரு திங்கட்கிழமையும் என்னிடம் வந்து, அண்ணன் எப்போது வருவார் என்று கேட்பாள். நான் உன்னைக் கேட்பேன். நீ 'பார்க்கலாம்மா, மீட்டிங்ல இருக்கேன்' என்று குறுஞ்செய்தி அனுப்புவாய். நான் அவளிடம், அண்ணனுக்கு வேலை அதிகம், கட்டாயம் வருவார் என்பேன். உனக்காக நான் சொன்ன அந்தப் பொய்களை எல்லாம் இப்போது நினைத்தால் நாக்கு கசக்கிறது.

வீடியோ வந்தது. தலைமையாசிரியை பெருமையோடு பிள்ளைகள் எல்லாரையும் ஹாலில் உட்காரவைத்துத் திரையில் போட்டார். நானும் உட்கார்ந்திருந்தேன். கோகிலா எனக்கு இரண்டு வரிசை முன்னால். எடுத்ததும் ஒரு பெண் பிள்ளை வந்தாள். எந்த ஊர்ப் பிள்ளையோ, பெரிய ஸ்கூல் யூனிபார்ம், மினுமினுவென்று முகம், தேன் மாதிரி இங்கிலீஷ். கேமராவைப் பார்த்துத் தலையைச் சாய்த்து, "ஹூ கேரீடு த பாக்ஸ்?" என்று கேட்டாள். அடுத்த நொடி வயலின் வாசிக்க, சேலையைச் சுற்றிக்கொண்டு, வெறுங்காலோடு, தலையில் பெட்டியோடு கோகிலா சரிவில் ஏறினாள். கடைசிவரை அவளுக்கு ஒரு வார்த்தை கிடையாது. முடிவில் பெரிய எழுத்தில் வந்தது, கருத்து, எழுத்து, இயக்கம் என்று உன் பெயர். பிள்ளைகள் கைதட்டினார்கள். தலைமையாசிரியை என் கையைப் பிடித்துக் குலுக்கினார். நான் கோகிலாவின் பின்னந்தலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவளும் கைதட்டினாள். மற்றவர்கள் நிறுத்திய பிறகும் தட்டிக்கொண்டிருந்தாள்.

பஸ்ஸில் பையன்கள் அவளைப் 'பொட்டி' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அடுத்த வாரம் அவள் வரவில்லை. அதற்கு அடுத்த வாரமும் வரவில்லை. சீசன் தொடங்கிவிட்டது, அம்மாவோடு பழம் பறிக்கப் போகிறாள் என்றார்கள். நான் இந்த மலையில் வேலை பார்க்கிறவள், எனக்குத் தெரியும். சீசனுக்குப் போன பிள்ளை திரும்பி வரும், வர மனமிருந்தால். மனமில்லாத பிள்ளைக்குச் சீசன் ஒரு நல்ல சாக்கு. தை போய் மாசி வரும், மிளகு பறிக்கலாம் என்பார்கள், அப்புறம் பதிவேட்டிலிருந்து பெயரை எடுப்பார்கள், அடுத்த வருடம் அவள் வயதுப் பிள்ளைகள் பத்தாம் வகுப்பில் இருக்கும்போது இவளுக்கு மாப்பிள்ளை பார்ப்பார்கள். நான் பயப்படுவது இதற்குத்தான். உன் வீடியோவை எத்தனை பேர் பார்த்தார்கள் என்று நீ எனக்குச் சொன்னாய். அதைப் பார்த்ததால் பள்ளிக்கூடத்தை விட்டு நின்ற ஒரு பிள்ளையை நான் உனக்குச் சொல்கிறேன்.

உன்னைப் போனில் பிடித்துக் கேட்டபோது நீ சொன்ன பதில்களையும் எழுதிவிடுகிறேன், நான் கூட்டிச் சொன்னதாக இருக்கக் கூடாது. டெட்லைன் இருந்தது, திரும்பி வர முடியவில்லை என்றாய். அவள் உச்சரிப்பு பார்க்கிறவர்களுக்குப் புரியாது என்றாய். பிறகு, "கேள்விய யாரு கேட்டா என்னம்மா, கருத்து போய்ச் சேருதா இல்லையா?" என்றாய். கடைசியில், கம்பெனியில் சொல்லி அவளுக்குப் படிக்க ஒரு டேப்லெட் அனுப்பிவிடலாம் என்றாய். கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைக்கிற புத்தி உனக்கு எப்போது வந்தது? நான் போனை வைத்துவிட்டேன். டவர் இல்லை என்று நீ நினைத்திருப்பாய். டவர் நன்றாகத்தான் இருந்தது.

யார் கேட்டால் என்ன என்கிறாயே, உனக்கு ஒன்பது வயதில் இது தெரிந்திருந்தது. கோயிலில் வேதாகம வினாடி வினா வைத்தார்கள். உன் பக்கத்தில் இருந்த பையனிடம், யோனாவை விழுங்கியது என்ன என்ற மாதிரி ஏதோ ஒரு கேள்விக்கு நீ காதில் விடையைச் சொன்னாய், அவன் கையைத் தூக்கிச் சத்தமாகச் சொல்லிவிட்டான். பரிசு அவனுக்குப் போயிற்று. ஒரு எவர்சில்வர் டம்ளர். நீ வீட்டுக்கு வந்து சாப்பிட மாட்டேன் என்று படுத்துவிட்டாய். அது போனால் போகிறது, நம் வீட்டில் இல்லாத டம்ளரா என்றேன். "டம்ளர் வேண்டாம்மா. அது நான் சொன்னது" என்றாய். அதையே இரண்டு மூன்று நாள் சொன்னாய். உன் அப்பா கோயில் உபதேசியாரிடம் போய் விஷயத்தைச் சொல்லி, அடுத்த ஞாயிறு அவர் எல்லார் முன்னாலும், அந்த விடை இந்தப் பிள்ளை சொன்னது என்று அறிவித்த பிறகுதான் நீ பழையபடி சோறு தின்றாய். அன்றைக்கு உன் அப்பாவை நான் கேலி செய்தேன், ஒரு டம்ளர் விஷயத்துக்கு இவ்வளவு தூரமா என்று. அவர் செய்ததுதான் சரி. நீதான் வளர்ந்து, டம்ளரை வாங்கிக்கொண்ட அந்தப் பையனாகிவிட்டாய்.

போன சனிக்கிழமை உன் கல்யாணப் பத்திரிகை வைக்க நாகலூர்ப் பக்கம் போனேன். தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், பூ, பத்திரிகை எல்லாம் வைத்து எடுத்துப் போனேன். பழனியம்மா முகம் கோணவில்லை. பாய் விரித்து உட்காரச் சொன்னாள், பால் ஊற்றாத காப்பி கொடுத்தாள், மாப்பிள்ளை எப்படி இருக்கிறார், பெண் என்ன படித்திருக்கிறாள் என்றெல்லாம் விசாரித்தாள். நான் எழுந்து தட்டை நீட்டினேன். அவள் கையை நீட்டவில்லை. "ஏனுங்க டீச்சர், உங்கள நாங்க ஒண்ணுஞ் சொல்லலீங்க. நீங்க எங்கூட்டுக்கு எப்ப வேணாலும் வரலாமுங்க. ஆனா இந்தத் தட்ட உங்க பையன் வந்து வெக்கட்டுமுங்க" என்றாள். உறவில், ஊரில், இத்தனை வீட்டில் பத்திரிகை வைத்திருக்கிறேன். நீட்டிய தட்டோடு நான் நின்றது அதுதான் முதல் முறை.

கோகிலா உள்ளே இருந்து வந்தாள். கையெல்லாம் காப்பிப் பழக் கறை. நான் அவளிடம், பெட்டி தூக்க வைத்ததற்காகவா படிப்பை விடுவாய் என்று கேட்டேன். அவள், "பொட்டி தூக்குனதுக்குக் கோவமில்லீங்க மிஸ். எங்கூட்டுல எல்லாருந்தான் தூக்கறோம். நான் கேட்டத அந்தப் புள்ள கேட்டுச்சுங்களே" என்றாள். அப்புறம், "இனி நான் க்ளாஸ்ல ஏதாச்சுங் கேட்டா அதையும் யாராச்சும் எடுத்துக்குவாங்கல்லீங்க" என்றாள். ஒரு டீச்சரிடம் ஒரு பிள்ளை இதைக் கேட்கலாமா? கேட்கும்படி நீ வைத்துவிட்டாய்.

நீ அந்த வீடியோவில் வெள்ளைக்காரப் பயணிகளை நன்றாகத் திட்டியிருக்கிறாய். செடியைக் காட்டியவன் ஒருவன், சுமந்தவன் ஒருவன், பெயர் மட்டும் அவர்களுக்கா என்று உன் வாய்ஸில் கேட்கிறாய். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மகனே, அவர்களாவது கப்பலில் வாந்தி எடுத்து, காட்டில் காய்ச்சலில் விழுந்து, பாதிப் பேர் போன இடத்திலேயே செத்தார்கள். நீ நாற்காலியை விட்டு எழுந்திருக்காமல், உன் அம்மா போனில் சொன்ன பேச்சிலிருந்து எடுத்துக்கொண்டாய். எடுத்தது மட்டுமா, யாரிடமிருந்து எடுத்தாயோ அவள் தலையிலேயே பெட்டியையும் ஏற்றினாய். ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்பார்கள். உனக்குப் பெண்டாட்டி வருவதற்கு முன்பே அந்தப் பழக்கம் வந்துவிட்டது.

பெண்டாட்டி என்றதும் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. கல்யாணம் ஆகப்போகிற பிள்ளைக்கு அம்மா புத்தி சொல்வது வழக்கம். செலவைப் பார்த்துச் செய், மாமனார் வீட்டில் அளந்து பேசு என்றெல்லாம் சொல்லலாம் என்று இருந்தேன். இப்போது ஒன்றே ஒன்றுதான் தோன்றுகிறது. அந்தப் பெண் அடுப்படியில் நின்றுகொண்டு உன்னிடம் ஏதாவது ஒரு நல்ல யோசனை சொல்வாள். நீ மறுநாள் நாலு பேர் நடுவில் அதை உன் யோசனையாகச் சொல்வாய். அவள் பக்கத்தில் இருப்பாள். முதல் தடவை சிரித்துக்கொள்வாள். இரண்டாம் தடவை உன் முகத்தைப் பார்ப்பாள். மூன்றாம் தடவைக்குப் பிறகு உன்னிடம் எதுவும் சொல்ல மாட்டாள். என்ன வாங்கலாம் என்று கேட்டால், உங்கள் இஷ்டம் என்பாள். வீடு அமைதியாக இருக்கிறது என்று நீ வெளியில் சொல்லிச் சந்தோஷப்படுவாய். அந்த மாதிரி அமைதியான வீடுகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அதில் ஒன்றாக உன் வீடு ஆகக் கூடாது. அம்மா, இதை நீங்கள் எனக்காகத்தான் எழுதினீர்களா என்று அவள் கேட்டால், ஆமாம் கண்ணு, உனக்காகவும்தான்.

உன்னால் செய்ய முடியாததை நான் கேட்கவில்லை. அந்த வீடியோவை இறக்கு. கம்பெனி ஒத்துக்கொள்ளாது என்றால் சண்டை போடு. கல்யாண மண்டபக்காரரோடு ஏசிக்குச் சண்டை போட்டாயே, அதில் பாதி போட்டால் போதும். அப்புறம் கிளம்பி வா. வீட்டுக்கு வருவதற்கு முன்னால் நாகலூர் போ. நான் கூட வர மாட்டேன், உன் அப்பாவும் வர மாட்டார். டேப், சாக்லேட் என்று எதையும் தூக்கிக்கொண்டு போகாதே. தட்டை எடுத்துப் போ. உட்காரச் சொன்னால் உட்கார். சொல்லாவிட்டால் நில். அவள் அம்மா முன்னால் அவளிடம், இது நீ கேட்ட கேள்வி, நான் எடுத்துக்கொண்டேன் என்று சொல். தெரியாமல் நடந்துவிட்டது, சூழ்நிலை அப்படி என்று இழுக்காதே. உனக்குத் தெரிந்துதான் நடந்தது.

இன்றைக்குக் காலையில் நடந்ததையும் சொல்லி முடித்துவிடுகிறேன். ஒன்பதாம் வகுப்பில் இன்னொரு பிரிவு இருக்கிறது. அவர்களுக்கு அந்தப் பாடம் பாக்கி. வகுப்பில் பாதி இடம் காலி, இருக்கிற பிள்ளைகளுக்காவது நடத்துவோம் என்று புத்தகத்தைத் திறந்தேன். தேயிலைக் கன்று பத்தி வந்ததும் நிறுத்தி, இந்த இடத்தில் பக்கத்துப் பிரிவுக் கோகிலா ஒரு கேள்வி கேட்டாள் என்று சொல்லி, அந்தக் கேள்வியைப் போர்டில் எழுதி, அடியில் அவள் பெயரையும் எழுதினேன். ஒரு பையன் கை தூக்கினான். "மிஸ், வீடியோவுல வேற புள்ள கேக்குதுங்களே" என்றான். ஆமாம், அந்தப் பிள்ளைக்கு இது தெரியாது, அதனிடம் யாரோ எழுதிக் கொடுத்ததை அது சொன்னது என்றேன். "அப்ப கோகிலாகிட்டருந்து எடுத்தது யாருங்க மிஸ்?" என்றான். புத்தகம் கேட்காத கேள்வி. நான்தானே கேட்கச் சொல்லிப் பழக்கினேன்.

சாக்பீஸை மேஜையில் வைத்துவிட்டு அவன் பக்கம் திரும்பினேன். பிறகு, "என் பையன்" என்றேன்.

ஒரு பிள்ளையும் சிரிக்கவில்லை. நாகலூர்ப் பிள்ளைகள் அந்த வகுப்பிலும் இருக்கிறார்கள். இந்நேரம் நான் சொன்னது அவர்களோடு சாயங்கால பஸ்ஸில் ஏறிப் போயிருக்கும். உன் அம்மா சொல்ல வேண்டியது அந்த வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. நீ சொல்ல வேண்டியதை யாரும் சுமந்துகொண்டு போக மாட்டார்கள்.

உன் அம்மா